கோதண்டம் மாஸ்டரின் இருண்ட திரை

ரிப்பேர் மேசைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு டிஸ்ப்ளே மாற்றுவது எப்படி என்று நான் சொல்லித் தரப்போவதில்லை. டீ ஆறுவதற்குள் செல்போன் திரையைக் கழற்றி மாட்டிவிடுகிற கைகள் உங்களுடையவை. என் கை அப்படி ஓடியதே இல்லை. ஆனால் ஓடுகிற கையை எங்கே நிறுத்துவது என்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். அதைச் சொல்ல எனக்கு ஒரு மியூசிக் கீபோர்டின் கதை போதும்.

தி.நகரில் ஒரு சர்வீஸ் சென்டரில் பல வருடம் வேலை பார்த்தேன். அது மூடியபிறகு மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் சொந்தமாகக் கடை போட்டேன். பழைய கால்குலேட்டர், எலெக்ட்ரானிக் தம்புரா, டிஜிட்டல் டைரி, கீபோர்டு என்று மற்றவர்கள் "இதெல்லாம் எதுக்குங்க, புதுசு வாங்கிக்குங்க" என்று திருப்பி அனுப்பியவை எல்லாம் என்னிடம் வரும். சர்வீஸ் சென்டரில் எனக்கு முதல் சூப்பர்வைசராக இருந்தவர் ஒன்று சொல்வார்: "என்ன ரிப்பேர்னு எல்லாரும் கேப்பாங்க. எது போனா இவங்க அழுவாங்கன்னு நீ கேளு." அன்றைக்கு அது ஏதோ பேச்சுக்குச் சொன்னதாகத்தான் எனக்குப் பட்டது. கடையை மூடுவதற்கு முந்தைய வருடம் கோதண்டம் மாஸ்டர் வந்தபோதுதான் அதன் முழு எடையும் தெரிந்தது.

ஆட்டோவின் பின்சீட்டு முழுவதையும் கீபோர்டுக்குக் கொடுத்துவிட்டு டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு வந்து இறங்கினார். ஐம்பதைத் தாண்டியவர். சென்னையில் கல்யாண ரிசப்ஷன்களுக்கு வாசிக்கிற ஒரு லைட் மியூசிக் ட்ரூப்புக்கு அவர்தான் தலைவர். போர்வையைப் பிரித்தார். தொண்ணூறுகளில் வந்த பெரிய கீபோர்டு. நடுவில் இருந்த சின்னத் திரை கரேலென்று கிடந்தது.

"கண்ணு அவிஞ்சிடுச்சு மேடம் இதுக்கு. மத்தபடி கல்லு மாதிரி கீது."

"எப்போலேர்ந்து இப்படி?"

"ரொம்ப நாளாவே இப்டிதான் கீது."

"அப்போ எப்படி வாசிச்சீங்க?"

"எண்ணிக்கினு வாசிச்சேன். எந்தப் பட்டன எத்தினி தபா அமுக்குனா எது வரும்னு மனசுலயே கீது. போன வாரம் எண்ணிக்கை தப்பிப்போச்சு. பொண்ணு மாப்ள மேடை ஏறுறாங்க, நாதஸ்வரம் வரணும். நாய் கொரைக்கற சவுண்டு வந்துச்சு. மண்டபமே சிரிச்சுது. மாப்ள மட்டும் சிரிக்கல."

எனக்கும் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். மறுநாள் மாலை நங்கநல்லூரில் ஒரு ரிசப்ஷன். அதற்குள் திரை எரிய வேண்டும். "நீங்க போடுங்க, நான் காபி குடிச்சிட்டு வரேன்" என்று கிளம்பினார்.

ஸ்க்ரூவைக் கழற்றும் முன்னால் எதையும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்ப்பது என் வழக்கம். அவரை நிறுத்தி, கம்ப்யூட்டருக்காக வைத்திருந்த யுபிஎஸ்ஸில் கீபோர்டைச் செருகி ஆன் செய்தேன். திரையின் ஓரத்தில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். உள்ளே எழுத்துகள் இருந்தன. அந்தக் காலத்துத் திரைகளில் இது சகஜம். பின்னால் இருக்கிற விளக்குத் தாள் மங்கிச் செத்துப்போகும். எழுத்து இருட்டில் தன்பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருக்கும். அதே அளவில் ஒரு விளக்குத் தாள் என்னிடம் இருந்தது. அரை நாள் வேலைதான் என்று மனசுக்குள் சந்தோஷமாகக் கணக்குப் போட்டபடி எழுத்தைப் படித்தேன்.

உள் பேட்டரி தீரப்போகிறது, மாற்றவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது.

ஸ்க்ரூ டிரைவரை மேசையில் வைத்துவிட்டேன்.

"மாஸ்டர், இதுல இருக்கற சவுண்டெல்லாம் கம்பெனி கொடுத்ததா, நீங்க போட்டதா?"

"கம்பெனி சவுண்ட எவன் வாசிப்பான்? எல்லாம் நான் செஞ்சது. இருவது வருசமா திருகித் திருகி செஞ்சது. நாதஸ்வரத்துல ஒரு சுரத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு வழுக்கிக்கினு போவும் பாருங்க, அத கொண்டாரத்துக்கே எத்தினி மாசம் தெரியுமா? மெட்ராஸ்ல வேற எவன் கீபோர்டுலயும் அது கெடையாது."

"வேற எங்கயாவது காப்பி எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"ஃப்ளாப்பி போடுற எடம் கீது. அது செத்து எத்தினியோ வருசமாச்சு."

அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் செய்த ஒலிகள் எல்லாவற்றையும் உள்ளே ஒரு சின்ன பேட்டரிதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அது தீரப்போவதாக எச்சரிக்கை வந்திருக்கிறது. திரை இருட்டாக இருந்ததால் யாரும் பார்க்கவில்லை. கரண்டில் இருக்கும்வரை பயமில்லை. அணைத்தால், அடுத்த முறை எழுப்பும்போது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆட்டோவில் வந்தபோது பிழைத்தது அதிர்ஷ்டம்.

"கத்திக்கினே இருந்திருக்குது, எனக்குக் கேக்கல" என்றார் மெதுவாக. பிறகு, "அப்போ பேட்டரிய மாத்திடுங்க. அதுல இன்னா கீது?" என்றார்.

"பேட்டரிய போர்டோட பத்தவெச்சிருக்காங்க மாஸ்டர். எடுத்தா அந்த நிமிஷமே எல்லாம் போயிடும். மிஷினை ஆன்லயே வெச்சுக்கிட்டு மாத்தலாம். செஞ்சிருக்கேன், வேற மிஷின்ல. நல்லாத்தான் முடிஞ்சுது. ஆனா கரண்ட் ஓடற போர்டு. சால்டரிங் அயர்ன் முனை கொஞ்சம் வழுக்குனா அவ்வளவுதான்."

"செய்ங்க மேடம். எனக்கு உங்க மேல நம்பிக்க கீது."

இந்த இடத்தை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். நம் வேலையில் ஆபத்தான பேச்சு இதுதான். திட்டுகிற வாடிக்கையாளர் நம்மை ஜாக்கிரதையாக்குவார். நம்புகிறவர் முன்னால் நமக்குக் கை துறுதுறுக்கும். அவர் என்னை நம்புவதால் போர்டில் ஓடும் கரண்ட் குறையப்போவதில்லை. பெரும்பாலும் சரியாகத்தான் முடியும் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த "பெரும்பாலும்" தவறினால் என் பக்கம் போவது ஒரு நாள் வேலை, அவர் பக்கம் போவது இருபது வருடம். அப்படிப்பட்ட பந்தயத்தை நம் கையால் வைக்கக்கூடாது.

"வேற வழி ஒண்ணு இருக்கு. முதல்ல எல்லாத்தையும் ஒரு கம்ப்யூட்டர்ல காப்பி எடுக்கணும். எடுத்துட்டா அப்புறம் பயமில்லாம அணைச்சு, பேட்டரி, திரை ரெண்டும் மாத்தலாம். கீபோர்டையும் கம்ப்யூட்டரையும் சேர்க்கற மிடி கேபிள் வேணும், அதுக்கான சாஃப்ட்வேர் வேணும். என்கிட்ட இல்ல. உங்க லைன்ல யார்கிட்டயாவது இருக்கும்."

"யார்கிட்டயும் இல்ல" என்றார். ரொம்ப வேகமாகச் சொன்னார்.

நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அவருடைய ஒலிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தேன், எல்லாம் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. மாண்டலின், பழைய வயலின், கோயில் மணி. அடுத்து வந்ததைச் சத்தமாகப் படித்தேன்.

"ரஃபி ஷெனாய். யாரு மாஸ்டர் இந்த ரஃபி?"

அவர் தெருவைப் பார்த்தபடிதான் சொன்னார். ரஃபி அவர் ட்ரூப்பில் இரண்டாவது கீபோர்டு வாசித்தவன். மீர்சாகிப்பேட்டைப் பையன். காது பொல்லாதது. அந்த ஷெனாயை அவன் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்லிச் சொல்லித் திருத்தவைத்தான். பிறகு தனி ட்ரூப் ஆரம்பித்தான். போகும்போது இந்த ஒலிகளைக் கேட்டான். இவர் கொடுக்கவில்லை. அதோடு பேச்சு நின்றது.

"அவன்கிட்ட அந்த கேபிளு, லேப்டாப்பு எல்லாம் கீது. ஆனா அவன் கைக்குப் போச்சுன்னா நாளைக்கே ஊர்ல எல்லார் கையிலயும் இருக்கும் மேடம்."

"அந்த பேட்டரி போச்சுன்னா உங்க கையிலயே இருக்காது மாஸ்டர்."

அவர் எழுந்து வெளியே போய்த் தெருவில் நின்றார். நான் ஒன்றும் செய்யவில்லை. ரஃபியின் எண்ணைக் கண்டுபிடிப்பது எனக்குக் கஷ்டமில்லை. மயிலாப்பூரில் பாதி கீபோர்டுக்காரர்கள் என் வாடிக்கையாளர்கள். நாமே கூப்பிட்டுவிட்டால் என்ன என்று கூடத் தோன்றியது. ஆனால் போகப்போவது அவருடையது. யாரிடம் கொடுப்பது என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும். நான் ஒரு பழைய கால்குலேட்டரை எடுத்துவைத்துக்கொண்டு துடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மின்விசிறி நின்றது. சந்து முழுக்கக் கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. கோதண்டம் மாஸ்டர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தார்.

"இது எவ்ளோ நேரம் தாங்கும்?"

"பழைய யுபிஎஸ் மாஸ்டர். தெரியாது."

அவர் போனை எடுத்தார். எண்ணைத் தேடவில்லை. விரல் தானாகப் போட்டது.

"ரஃபி... நான்தான்டா. மந்தவெளில கீறேன். உன் லேப்டாப்பு, அந்த கேபிளு ரெண்டையும் எடுத்துக்கினு வர்றியா?" கொஞ்சம் நிறுத்தி, "ஒடம்புக்கு ஒண்ணுமில்லடா. கீபோர்டுக்கு" என்றார்.

ரஃபி வருவதற்கு முன்பே கரண்ட் வந்துவிட்டது. மாஸ்டர் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் கூப்பிட்டிருக்கவே வேண்டாமே என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் வாசலில் பைக் நின்றுவிட்டது.

முப்பத்தைந்து வயது இருக்கும். முதுகில் பை. மாஸ்டரைப் பார்த்தான், தலையை ஆட்டினான், என்னிடம் பேசினான்.

"இன்னாக்கா பிரச்சன?"

சொன்னேன். அவன் முகம் மாறியது. "டிஸ்க்ல எடுத்து வைக்கச் சொல்லி எத்தினி தபா சொன்னேன்னு கேளுங்க அவர."

"கேக்கறத அப்புறம் கேக்கட்டும், மொதல்ல வேலய பாக்கச் சொல்லுங்க மேடம் அவன."

இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றடி தூரம்கூட இல்லை. பேச்செல்லாம் என் வழியாகத்தான் போய்வந்தது.

ரஃபி கேபிளை மாட்டி லேப்டாப்பைத் திறந்தான். டார்ச்சை நான் பிடித்தேன். மெனுவுக்குள் போய், அனுப்பு என்று கொடுத்தான். லேப்டாப்பில் கோடு ஓடி முடிந்தது.

"வந்துருச்சுக்கா. எல்லாம் கீது. நான் கெளம்பறேன், அடையாறுல ரிகர்சலு, பசங்க உக்காந்துகினு இருப்பாங்க." கேபிளைப் பிடுங்கக் கையை வைத்தான்.

"இன்னொரு தடவை எடுப்பா" என்றேன்.

"அதான் வந்துருச்சேக்கா."

"வந்ததா இல்லையான்னு ஒரு காப்பியைப் பார்த்துச் சொல்ல முடியாது. இன்னொண்ணு எடு. ரெண்டும் ஒண்ணா இருந்தா நம்பறேன்."

அவனுக்கு எரிச்சல். மாஸ்டருக்கும் எரிச்சல்தான்; சீக்கிரம் முடிந்து இவன் போனால் போதும் என்றிருந்தது அவருக்கு. ஆனாலும் ரஃபி எடுத்தான். இரண்டு ஃபைல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அளவு வேறாக இருந்தது.

மூன்றாவது எடுத்தான். அது இன்னும் வேறாக இருந்தது.

முதல் காப்பியை நம்பி நான் பேட்டரியைப் பிடுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ரஃபி மெதுவாகப் பையைக் கழற்றிக் கீழே வைத்தான்.

"கேபிளு மட்டமானதுக்கா. மொத்தமா அனுப்புனா நடுவுல கொட்டிடுது. கொஞ்சம் கொஞ்சமா அனுப்பணும். ஒவ்வொரு சவுண்டா."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"ஆவட்டும்" என்றான். போனை எடுத்து, "நீங்க ஆரம்பிங்கடா, நான் வரல" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

எனக்கு வேறு ஒரு வாடிக்கையாளர் வந்தார். டார்ச்சை மாஸ்டர் கையில் கொடுத்துவிட்டு எழுந்தேன். சாமர்த்தியமாக ஏதோ செய்தேன் என்று நினைக்காதீர்கள். அபிராமபுரத்து அம்மா ஒருவர் தம்புராப் பெட்டியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான். ஆனால் நான் அவரிடம் பேசிக்கொண்டிருக்கையில் பின்னால் கேட்டது.

"சாய்ச்சு புடிணா. எழுத்து தெரியல."

"இப்போ?"

"இன்னும் கீழ. ம். இது இன்னா பேரு, ஒண்ணும் புரியல?"

"மழ. மழ பாட்டுக்கு வெச்சது. நீ போனதுக்கு அப்புறம் செஞ்சது."

"வாசிச்சுக் காட்டேன்."

கீபோர்டில் மழை பெய்தது. தம்புராப் பெட்டியோடு வந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

ஒவ்வொரு ஒலியையும் இரண்டு முறை எடுத்து, இரண்டும் பொருந்திய பிறகே அடுத்ததற்குப் போனார்கள். மதியச் சாப்பாட்டை யாரும் நினைக்கவில்லை. கடைசியில் ரஃபி லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். எல்லாம் ஜோடி ஜோடியாக, அளவு பிசகாமல் இருந்தன. ஒரு பென் டிரைவிலும் போட்டு மாஸ்டரின் சட்டைப் பையில் வைத்தான்.

அதற்குப் பிறகுதான் கீபோர்டை அணைத்தேன். பேட்டரியும் விளக்குத் தாளும் மாற்றியது பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் என்னைவிட நன்றாகச் செய்வீர்கள். ஆன் செய்ததும் திரை பளிச்சென்று நீலமாக எரிந்தது. மாஸ்டர் குனிந்து பார்த்தார். மாண்டலினும் இல்லை, மழையும் இல்லை. கம்பெனி போட்டு அனுப்பிய பெயர்கள் மட்டும் வரிசையாக இருந்தன. போகும் என்று அவருக்கு நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். சொன்னதும் கண்ணால் பார்ப்பதும் ஒன்றா?

"போச்சா மேடம்?"

"போயிடுச்சு மாஸ்டர். இப்போ வரணும்."

ரஃபி லேப்டாப்பிலிருந்து அனுப்ப ஆரம்பித்தான். அந்த நேரத்தில் நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வந்தன. நாதஸ்வரம் வந்ததும் மாஸ்டர் ரஃபியை விலக்கிவிட்டு ஒரு கையால் வாசித்தார். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு அது வழுக்கிக்கொண்டு போனது. அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

ரஃபி எல்லாவற்றையும் மூட்டை கட்டினான். பிறகு லேப்டாப்பை மறுபடி திறந்து மாஸ்டர் முன்னால் வைத்தான்.

"இதுல கீறத அழிச்சிடறேண்ணா. நீயே பாத்துக்கோ. அப்புறம் ரஃபி எடுத்துக்கினு போய்ட்டான்னு சொல்லக்கூடாது."

மாஸ்டர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்து ஸ்க்ரூக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"இருக்கட்டும்டா" என்றார். "ரெண்டு எடத்துல இருந்தாத்தான் நல்லதுன்னு மேடம் இப்போதான சொன்னாங்க."

நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை.

மறுநாள் நங்கநல்லூரில் நாதஸ்வரம் வரவேண்டிய இடத்தில் நாதஸ்வரம் வந்ததாகப் போன் செய்து சொன்னார். ரஃபி வரவில்லை, அவனுக்கு வேறு இடத்தில் வாசிப்பு இருந்தது. பிறகு அவ்வப்போது பேசிக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரே ட்ரூப்பில் மறுபடி சேரவில்லை. எல்லா ரிப்பேரும் பழையபடி ஆக்குவதில்லை. ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்தால் போதும் என்று விட்டுவிடுவது உண்டல்லவா, அப்படி.

போன மாதம் தி.நகரில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போயிருந்தேன். பந்தியில் உட்கார்ந்து ரசம் சாதம் பிசைந்துகொண்டிருக்கிறேன், மேலே மேடையிலிருந்து அந்த நாதஸ்வரம் கேட்டது. அதே வழுக்கல். மாஸ்டர்தான் வாசிக்கிறார் என்று நினைத்துக் கையைக் கழுவிக்கொண்டு மாடிக்குப் போனேன். அவர் இல்லை. ரஃபியும் இல்லை. முன்பின் பார்த்திராத ஒரு பெண், இருபது வயதுகூட இருக்காது, ஒரு புதுக் கீபோர்டில் வாசித்துக்கொண்டிருந்தாள். அவர் எதற்குப் பயந்தாரோ அது நடந்துவிட்டது. சொல்லாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை. ஓரமாகப் போய் நின்று மாஸ்டருக்குப் போன் போட்டேன்.

"மாஸ்டர், உங்க நாதஸ்வரம் இங்க ஒரு பொண்ணு கையில இருக்கு. யாருன்னே தெரியல."

கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"நல்லா வாசிக்குதா?" என்றார்.

நான் போனை மேடைப் பக்கம் நீட்டிப் பிடித்தேன். பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கியபிறகு காதில் வைத்தேன். அவர் இன்னும் லைனில்தான் இருந்தார்.

"கொஞ்சம் அவசரப்படுது பொண்ணு" என்றார். "மத்தபடி கரெக்டு."